ராஜ்மாவுக்கு வந்த பதில்

எங்க கல்யாண விருந்து மொத்தமும் ரெண்டு அடுக்கு டிபன் பாக்ஸ் ஒண்ணுக்குள்ள அடங்கிருச்சு. மேல் அடுக்குல புளிச்சகீரை பப்பு, அதான் கீரைப் பருப்பு, பிசைஞ்ச சோறு, கீழ் அடுக்குல மோர்மிளகாய். கட்டிக் குடுத்தது எங்கம்மா. கல்யாணத்துக்குன்னு தெரிஞ்சு கட்டல. வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு ராஜபாளையத்து வீட்டுல இருந்து கிளம்பினவ, நேரா ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போயிட்டேன். கையெழுத்துப் போட்டு முடிச்சதும், சாட்சிக்கு வந்தவங்களோட உக்காந்து ஆளுக்கு ரெண்டு உருண்டை தின்னோம். "யாரு சமைச்சது, பிரமாதமா இருக்கே"ன்னு ஒரு சாட்சி கேட்டான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அம்மா போன் பண்ணினா. ராத்திரிக்கு அட்டு சுடவா, சோறு வைக்கவான்னு கேக்கத்தான் பண்ணினா. அட்டுன்னா தோசை, எங்க வீட்டுல தெலுங்கு. நான் விசயத்தைச் சொன்னேன். பையன் நம்ம பேண்டேஜ் கம்பெனியில மெஷின் மெக்கானிக், ஸ்ரீவில்லிபுத்தூரு, தமிழ் ஆளுகன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன். பொறவு போனை வச்சுட்டா. அப்பா தவறின பொறவு அந்த வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அவ பாட்டுக்கு மாவைக் கரைச்சு வச்சுட்டு உக்காந்திருந்திருப்பா. அன்னைக்கு வச்ச போனை மூணு வருசம் எடுக்கல.

நானும் விட்டேனா? அவ மகதானே. தினமும் வேலைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருல இருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ல போறவ நான். எங்கம்மா வீட்டுத் தெரு முனையைத் தாண்டித்தான் பஸ் போகும், போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா. ஒரு நாளும் இறங்கல. தெரு முனை வந்ததும் எதுத்த பக்கத்து ஜன்னலைப் பாத்துத் திரும்பிக்குவேன். அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. மூணு வருசத்துல அந்தக் கடைக்காரரு எம்புட்டு ட்யூப் ஒட்டினாருன்னு என்னைக் கேட்டாச் சொல்லுவேன்.

புகுந்த வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க மட்டும்தான். எங்க வீட்டுக்காரரும், மாமனாரும். மாமனாரு பட்டாளத்துல இருபது வருசத்துக்கு மேல சமையல்கட்டுல இருந்தவரு. பஞ்சாபு, அஸ்ஸாம், காஷ்மீருன்னு போன எடத்துல எல்லாம் ஒரு கரண்டியையும் ரெண்டு சமையலையும் புடிச்சிட்டு வந்திருக்காரு. அத்தை போன பொறவு வீட்டு அடுப்பும் அவரு கைக்கு வந்துருச்சு. எனக்குச் சமையல் தெரியாதுன்னு மொத நாளே ஒத்துக்கிட்டேன். அம்மா என்னை அடுப்புப் பக்கமே விட்டதில்ல. விட்டா உப்பைக் கொட்டிருவேனாம். மாமாவுக்கு அதுல அம்புட்டுச் சந்தோசம். "ரொம்ப நல்லதும்மா, சமையல்கட்டுல ரெண்டு ஆபீசர் இருந்தா வேலை கெட்டுரும்"னாரு.

அளவு மட்டும் பட்டாளத்து அளவு. மூணு பேருக்குன்னு ஆரம்பிப்பாரு, எறக்கும்போது ஒரு தெருவுக்குக் காணும். திங்கக்கெழமை வச்ச சோளேங்கிற கொண்டக்கடலைக் கொழம்பு வியாழக்கெழமையும் எங்க கூடவே இருக்கும். எங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல இருந்து தின்னு பழகினவரு, வாயைத் தொறக்க மாட்டாரு. நான்தான் பப்பு எப்ப தின்போம், புளிச்சகீரை எப்ப தின்போம்னு மனசுக்குள்ள பொலம்பிக்கிட்டுக் கெடந்தேன்.

ஒரு நாள் பரண் மேல எதையோ தேடின மாமா, அந்த ரெண்டு அடுக்கு டிபன் பாக்ஸோட எறங்கினாரு. மூடியில எங்கம்மா பேரு வெட்டியிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சாரு.

"ஏம்மா, இது சம்பந்தியம்மா பாத்திரமா?"

"ஆமா மாமா."

"இத்தனை மாசமா நம்ம வீட்டுல வச்சிருக்கோம், குடுக்கல?"

"அவதான் பேசவே மாட்டேங்கிறாளே மாமா."

"பேசுறது வேற. பாத்திரம் வேற"ன்னாரு. "அடுத்தவுக பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணும். வெறுமனே குடுக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

அந்த ஞாயித்துக்கெழமை கீழ் அடுக்குல ராஜ்மா, மேல் அடுக்குல சீரகச் சோறு. தேச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு, டப்பாவை மொபெட்ல மாட்டிக்கிட்டுப் போனாரு. அம்மா வீட்டு கேட்டுப் பக்கத்துல சின்ன மேடை ஒண்ணு உண்டு, பால் பாக்கெட் வைக்கிறது. அதுல வச்சு, பெல்லை அடிச்சு, அம்மா கதவைத் தொறந்ததும் விறைப்பா நின்னு "உங்க பாத்திரம்"னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டாராம். "என்ன சொன்னா?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. அவிய என் மீசையைத்தான் பாத்தாவ"ன்னாரு.

அத்தோட கதை முடிஞ்சிருக்கணும். பாத்திரம் போயிருச்சு, கடமை தீந்துச்சு. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழமை ஏதோ சாமான் வாங்க ராஜபாளையம் போனவரு, சும்மா எங்க தெரு வழியா வந்திருக்காரு. சும்மாவாம்! பால் மேடையில டப்பா உக்காந்திருக்கு. எடுத்துட்டு வந்துட்டாரு.

தொறந்தா, ராஜ்மா.

மாமா வச்ச ராஜ்மா இல்ல, எங்கம்மா வச்ச ராஜ்மா. புளியைக் கரைச்சு ஊத்தி, வெந்தயம் தாளிச்சு, காஞ்ச மிளகாயைக் கிள்ளிப் போட்டு வச்சிருந்தா. ராஜபாளையம் பூரா அலைஞ்சு அந்தப் பயறை வாங்கியிருப்பா போல. வாத்தியாரு பரீட்சைப் பேப்பரைத் திருத்தி அனுப்புற மாதிரி, திருத்தி அனுப்பிட்டா. மாமா ஒரு வாய் வச்சாரு. மீசை நின்னுது. இன்னொரு வாய் வச்சாரு. "ராஜ்மாவுல புளி ஊத்துறது சட்டப்படி தப்பு"ன்னாரு. சொல்லிக்கிட்டே டப்பாவை வழிச்சுத் தின்னாரு. எனக்கு ரெண்டு கரண்டிதான் கெடைச்சுது.

அன்னைக்குத் தொடங்குன போக்குவரத்து. ஒரு ஞாயித்துக்கெழமை கொண்டுபோய் வைக்கிறது, மறு ஞாயித்துக்கெழமை எடுத்துட்டு வாரது. ஒரு சீட்டுக் கெடையாது, ஒரு போன் கெடையாது. மாமா பஞ்சாபு மோர்க்குழம்பு அனுப்பினா, அம்மா தெலுங்கு மோர்க்குழம்பு வச்சு, மோர்க்குழம்புன்னா இதுதான்னு காட்டுவா. அவரு அஸ்ஸாம்ல கத்துக்கிட்ட கடுகெண்ணெய் மீனை அனுப்புனதுக்கு அம்மா கிட்ட இருந்து வெறும் ரசம் வந்துச்சு. "எண்ணெய் ஜாஸ்தியாம், வயித்தைக் கழுவச் சொல்றாவ"ன்னு மாமா விளக்கம் சொன்னாரு.

எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. பெத்த மகளுக்கு ஒரு வார்த்தை இல்ல. ராஜ்மாவுக்குப் பதில் போடுறா! ஆனாலும் டப்பாவைத் தொறக்கும்போது எங்க வீட்டுத் தாளிப்பு வாசம் வருமே, அப்ப கோவமும் வரும், கண்ணுல தண்ணியும் வரும். எதுக்கு அழுவுறேன்னு எங்க வீட்டுக்காரர் கேப்பாரு. காரம்னு சொல்லிருவேன். ரசத்துக்குக் கூடவான்னு கேட்டுட்டு ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.

பெரிய சண்டை வந்தது ஆலு பராத்தாவால. மாமா சுட்ட சூட்டோட அடுக்கி மூடிட்டாரு. ராஜபாளையம் போய்ச் சேரும்போது அது இடுப்புல கட்டுற பெல்ட் பதத்துக்கு வந்திருக்கும். மறுவாரம் டப்பா கனமா வந்துச்சு. தொறந்தா மேல் அடுக்கு, கீழ் அடுக்கு ரெண்டுலயும் பால்கோவா. கடைப் பால்கோவா. எங்க ஊர்க் கடைப் பால்கோவா! இங்க இருந்து ராஜபாளையத்துக்குப் போன சரக்கை வாங்கி, எங்களுக்கே அடைச்சு அனுப்பியிருக்கா.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவாவா!"ன்னு மாமா எந்திரிச்சு நின்னுட்டாரு. "இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமாம்மா? உனக்குச் சமைக்கத் தெரியல, பேசாம உங்க ஊர்ல விக்கிறதை வாங்கித் தின்னுன்னு அர்த்தம்." அன்னைக்கு மத்தியானம் சாப்பிடல. பால்கோவாவை மட்டும் தின்னாரு. அடுத்த சனிக்கெழமை பாலை வாங்கிட்டு வந்து, அடுப்பு முன்னால முக்காலியைப் போட்டு உக்காந்து, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கிண்டினாரு. தோள்பட்டையில தைலம் தேச்சுக்கிட்டேதான் கொண்டுபோய் வச்சுட்டு வந்தாரு. மறுவாரம் நெய் மணக்க மணக்க பூர்ணாலு வந்துச்சு. சுழியம் மாதிரி இனிப்பு, எங்க வீட்டுல அது விசேசத்துக்கு மட்டும் பண்றது. மாமா ஒண்ணைப் புட்டுப் பாத்துட்டு, "சரி, வெள்ளைக்கொடி"ன்னாரு.

போன ஆவணியில மாமா குளியலறையில வழுக்கி விழுந்து கால்ல கட்டுப் போட்டாச்சு. எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. டப்பா அம்மாகிட்ட இருக்கு. ஞாயித்துக்கெழமை வந்துச்சு, மாமாவுக்குக் காலை விட டப்பாதான் வலி.

"ஏம்மா, தெனமும் அந்த வழியாத்தான போற? ஒரு எட்டு எறங்கி எடுத்துட்டு வாயேன்."

"நான் போகமாட்டேன் மாமா. அவ கூப்பிடட்டும்."

"ஏலே, நீயாவது போயேம்ல"ன்னு மகனைக் கெளப்பினாரு. எங்க வீட்டுக்காரர் வீரமா பைக்கை எடுத்துட்டுப் போனாரு. ஒரு மணி நேரங்கழிச்சு ரெண்டு கிலோ வெங்காயத்தோட திரும்பி வந்தாரு. தெரு முனை வரைக்கும் போனாராம். அங்க ஒரு நாய் இருந்துச்சாம்.

அடுத்த ஞாயித்துக்கெழமையும் போச்சு. மூணாவது ஞாயித்துக்கெழமை காலையில நான் வாசல்ல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு ஆட்டோ வந்து நிக்குது. எறங்கினது எங்கம்மா. ஒரு கையில ஒயர் கூடை, இன்னொரு கையில துணி சுத்துன இரும்புச் சட்டி. மூணு வருசத்துல தலை பாதி நரைச்சிருந்துச்சு. என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"மிலிட்டரிக்காரரு இருக்காரா? ரெண்டு வாரமா ஆளைக் காணோம்."

தமிழ்ல கேட்டா. எங்கம்மா என்கிட்டத் தமிழ் பேசினதே இல்ல. தமிழு கரண்டு ஆபீஸ்காரங்ககிட்டயும் காய்காரங்ககிட்டயும் பேசுறது. என்னையும் அந்த வரிசையில நிப்பாட்டிட்டா. உள்ள கையைக் காட்டினேன்.

மாமா கட்டில்ல இருந்து எந்திரிக்கப் பாத்தாரு. "உக்காருங்க, உக்காருங்க"ன்னு அம்மா ஒரு அதட்டுப் போட்டா. கூடையில இருந்து டப்பாவை எடுத்து அவரு முன்னால வச்சா. மாமா மூடியைத் தொறந்தாரு. தேச்சுக் கழுவி, பளிச்சுன்னு, காலியா இருந்துச்சு. மாமா மூஞ்சி செத்துப்போச்சு. வெறும் டப்பான்னா இனி ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம்.

"ரெண்டு வாரமும் சமைச்சு மேடையில வச்சேன். எடுக்க ஆளில்ல, மாட்டுக்குத்தான் போட்டேன்"னா அம்மா. "இன்னைக்குத் திப்பரொட்டி. அது சட்டியில இருந்து நேரா தட்டுக்கு வரணும். டப்பாவுல அடைச்சா வேர்த்துரும், உங்க பராத்தா மாதிரி. அதான் சட்டியோட வந்துட்டேன். அடுப்பு எங்க இருக்கு?"

மாமா, பட்டாளத்து மனுசன், விறைப்பாக் கையை நீட்டி வழியைக் காட்டினாரு.

திப்பரொட்டிங்கிறது உளுந்தும் அரிசி ரவையும் கலந்த மாவு. இரும்புச் சட்டி நெறைய ஊத்தி, மூடி, சிறு தீயில விட்டுரணும். வெளிய முறுகலும் உள்ள பஞ்சுமா வரும். மூணு வருசம் கனவுல வந்த வாசம் அது. எல்லாருக்கும் அம்மாவே வெட்டி வச்சா. எங்க வீட்டுக்காரர் தட்டுல வைக்கும்போது மட்டும் மூஞ்சியைச் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. ஆனா முறுகல் ஓரமாப் பாத்துத்தான் வச்சா, நான் கவனிச்சேன். அந்த ஓரம் எங்க வீட்டுல எனக்குன்னு இருந்தது.

கிளம்பும்போது டப்பாவை எடுத்து என் முன்னால டொக்குன்னு வச்சா. "இதை வெறுமனே கொண்டு போகமாட்டேன்."

"இந்தா, மத்தியானத்துக்கு ஊறவச்ச ராஜ்மா..."ன்னு மாமா ஆரம்பிச்சாரு.

"நீங்க இருங்க. அவ போடட்டும்."

எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ரவை உப்புமா. எங்கம்மா பூர்ணாலு அனுப்பின டப்பாவுல உப்புமா! கிண்டினேன். அம்மா சமையல்கட்டு நிலையில சாஞ்சுக்கிட்டு நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. கட்டி தட்டிருச்சு. உப்பை ஒருக்கா போட்டேனா ரெண்டு தடவை போட்டேனான்னு சத்தியமாத் தெரியல. டப்பாவை மூடி வாங்கிக்கிட்டா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம். அவரு நாலடி பின்னாலயே வந்தாரு. அம்மா ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்தா. மூடியைத் தொறந்தா. ஒரு துளி உப்புமாவை எடுத்து வாயில போட்டா. மூஞ்சி கோணிக்கிச்சு. திரும்பி என்னைப் பாத்தா.

"ஏமே"ன்னா.

மூணு வருசம் ஆச்சு அந்தச் சொல்லைக் கேட்டு. எங்க வீட்டுத் தெலுங்குல அது, தமிழ்ல ஏட்டி, ஏண்டின்னு கூப்பிடுற மாதிரி. எனக்கு அழுகை பொங்கிருச்சு.

அதுக்குப் பொறவு எல்லாம் தெலுங்குலதான் சொன்னா. "உப்பு கரிக்குது. டப்பா என்கிட்டத்தான் இருக்கு. அந்த மனுசனுக்கு இப்போதைக்குக் காலு ஆகாது. ஞாயித்துக்கெழமை நீயே வந்து எடுத்துட்டுப் போ." நான் தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினேன். பஸ் நகந்துச்சு. அவ எட்டிப் பாத்து இன்னொண்ணும் சொன்னா. "தனியா வராத."

எங்க வீட்டுக்காரருக்குத் தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்துல வந்து, "என்னவாம்? உப்புமா நல்லால்லியாமா?"ன்னு கேட்டாரு.

"ஞாயித்துக்கெழமைக்கு நல்ல சட்டையாப் பாத்துத் தேச்சு வைங்க"ன்னேன்.