ஐந்து முனை, மூன்று முனை

எங்கள் வீட்டில் ஜோடி என்றால் ஷூ ஜோடிதான். அக்கா மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள், பேக்கிங்கில் வேலை. அதனால் பிளஸ் ஒன் வகுப்பில், டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் சேர்ந்த ஜோடி என்று டீச்சர் சொன்னபோது எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன். ஷூ மாதிரி இரண்டுக்கும் மூக்கு ஒரே பக்கம் இருக்கும், அவ்வளவுதானே.

ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. இது சின்னப் பிள்ளைக்கும் வரும். இழையின் ஒரு முனைக்கு 5, மறுமுனைக்கு 3 என்று பெயர். டெஸ்ட்டில் ஓர் இழையைக் கொடுத்திருந்தார்கள்: இடது ஓரத்தில் 5, பிறகு ஏ ஏ டி ஜி சி சி, வலது ஓரத்தில் 3. நான் கீழே டி டி ஏ சி ஜி ஜி என்று எழுதி, 5-க்கு நேர் கீழே 5, 3-க்கு நேர் கீழே 3 போட்டேன். முட்டை மார்க்.

"எழுத்தெல்லாம் கரெக்ட்டுதானே டீச்சர்?"

"முனை தப்பு. எதிர் இழை எதிர்ப்பக்கமா ஓடும்மா" என்றவர் பலகையில் இரண்டு விடைகள் எழுதினார். முதலாவதில் என் எழுத்துகளேதான், ஆனால் இடது ஓரத்தில் 3. இரண்டாவது ஜி ஜி சி ஏ டி டி. இடது ஓரத்தில் 5. இரண்டுக்கும் டிக் போட்டார். இரண்டும் ஒரே இழைதானாம், பின்னாலிருந்து திருப்பி எழுதியதாம். எனக்குத் தலை சுற்றியது. இத்தனை விதமாக எழுதலாம் என்றால் நான் எழுதியது மட்டும் ஏன் ஆகாது?

அடுத்த டெஸ்ட்டிலும் முட்டை வாங்கினால் காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடுவேன் என்றார் டீச்சர். வேலூரில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி லேபில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பதுதான் என் ஒரே ஆசை. வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா கம்பெனியில் கம்மி விலைக்கு எனக்கொரு ஷூ வாங்கி வந்திருந்தாள். போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். மூடவில்லை. அழுத்தினேன். அட்டை மடங்கியது.

"இன்னாடி பேஜார் பண்ற? ரெண்டு மூக்கையும் ஒரே பக்கம் வச்சா எப்டி மூடும்? ஒண்ணைத் திருப்பு" என்று சிரித்தாள்.

திருப்பினேன். ஒன்றின் மூக்குப் பக்கம் மற்றதன் குதிகால் வந்தது. பெட்டி மூடிக்கொண்டது.

அடுத்த டெஸ்ட்டில் அந்தப் பெட்டியை நினைத்துக்கொண்டு கீழ் இழையின் முனைகளைத் திருப்பிப் போட்டேன். டிக் விழுந்தது. இழை எதற்காக அப்படித் திரும்பிக்கொள்கிறது என்பது சத்தியமாகப் புரியவில்லை. டீச்சர் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அக்காவுக்கு அன்று ஓவர்டைம். அவள் வருவதற்குள் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போக வேலூர் பஸ்ஸுக்கு நான் ரோட்டின் இந்தப் பக்கம், கம்பெனி பஸ்ஸுக்கு அவள் அந்தப் பக்கம். விடைத்தாளை உயர்த்திக் காட்டினேன்.

"பாஸாடி?"

"பாஸு."

அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் ஏறினாள். இவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியுமாம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிளஸ் டூவில் உயிரியலில் வகுப்பிலேயே முதல் மார்க் அவள். நான் பிளஸ் ஒன் சேர்ந்த அதே ஜூனில்தான் நர்சிங் வேண்டாமென்று கம்பெனிக்குப் போனாள். படிப்பு அலுத்துவிட்டது என்றாள், நானும் நம்பினேன். ஒருத்தி திரும்பிக்கொண்டதால்தான் இன்னொருத்திக்கு இடம் கிடைத்தது என்பது அந்த ரோட்டோரத்தில் எனக்குத் தெரியவில்லை.