யானையைச் சொல்லாத வரைபடம்

அக்கா தன் கைத்தொலைபேசியைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அன்று ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது: "படம். படம். படம்."

கிளிநொச்சியில் ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். இணையத்தளங்கள் செய்துகொடுக்கும் நான்கு பேர்: திட்டத்தைக் கவனிக்கும் நான், ஒரு வடிவமைப்பாளர், ஒரு நிரலாளர், தளங்களுக்குத் தமிழ் எழுதும் அக்கா. அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளத்தில் பேருந்து மாறி வருவார். அப்போது ஒரு விவசாயிகள் சங்கத்துக்காக, ஊருக்குள் யானை வந்தால் அறிவிக்கும் தளம் ஒன்றை முடித்திருந்தோம். யானை நிற்கும் இடம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். மறுநாள் ஒப்படைக்க வேண்டும். வழக்கம்போலக் கடைசியாக அக்காவிடம் கொடுத்து, "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் தொலைபேசியை மேசையில் வைத்தார். "எங்கட வேலிக்குப் பக்கத்தில ஆனை நிண்டாலும் இது எனக்குச் சொல்லாது. எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் என்னட்டை வருது. நான் எழுத வந்தனான், தம்பி. கண் தெரியாத ஒருத்தி பாத்துச் சரியெண்டு சொன்னவா எண்டு காட்டுறதுக்கு வரேல்லை. இனி நான் பாக்க மாட்டன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சங்கத் தலைவரை அழைத்து இரண்டு கிழமை தவணை கேட்டேன். "ஆனை எங்களுக்குத் தவணை தருமோ?" என்று சீறிவிட்டு, அரைமனதாகச் சம்மதித்தார்.

சோதித்துப் பார்க்க வெளியில் ஒருவரைத் தேடலாம் என்றேன். வடிவமைப்பாளர் மறுத்தார். நிறம் பிரித்தறியாத கண்ணுக்கும் அந்தப் புள்ளி தெரிய வேண்டும், அது தன் வேலை என்றார். அந்தக் குரல் எங்கே தடுமாறுகிறது என்று ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுத் திருத்துவதை நிரலாளர் ஏற்றுக்கொண்டார். புள்ளிகளோடு இடத்தின் பெயரையும் வந்த நேரத்தையும் எழுத்தில் கொடுக்கலாம் என்றபோதுதான் அக்கா நிமிர்ந்தார். "அது எழுத்து. அது என்ர வேலை." இவற்றுக்கெல்லாம் திட்டத்தின் தொடக்கத்திலேயே நாள் ஒதுக்குவது என் பொறுப்பாயிற்று. மழை தொடங்குமுன் தளம் வெளியானது.

இந்த வருடம் அக்கா வவுனியாவில் வேறு வேலைக்குப் போய்விட்டார். போனது அவருக்கு நல்லதுதான். ஆனாலும் ஒவ்வொரு புதிய வேலை தொடங்கும்போதும் மனம் பதைக்கிறது. அவரை எதிரே கண்டுகொண்டிருந்ததால்தான் நாங்கள் அதையெல்லாம் செய்தோமோ?

போன கிழமை நெடுங்கேணியில் விதைநெல் விற்கும் ஒருவருக்கான தளம் தொடங்கியது. பார்வை இல்லாதவரும் பாவிக்கும்படி செய்யும் வேலையை முதல் கூட்டத்திலேயே பிரித்தோம். அக்காவின் இடத்துக்கு வந்த புதியவர் கேட்டார்: "அக்கா போயிட்டா தானே. இனி ஆருக்காக இவ்வளவு பாடு?"

வடிவமைப்பாளர் திருப்பிக் கேட்டார்: "நெடுங்கேணியில ஆர் ஆர் விதைநெல் வாங்கப் போகினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

நிரலாளர் மாதிரிப் பக்கத்தைத் திறந்தார். மடிக்கணினியின் திரையை இருட்டாக்கிவிட்டு, குரலை மட்டும் ஓடவிட்டார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் புதியவர் கதிரையை இழுத்துக் கிட்டவாக வந்தார்.

"திரும்பப் போடுங்கோ," என்றார். "நெல்லை எப்பிடி வாங்கிறதெண்டு எனக்கு விளங்கேல்லை."