பரமேஸ்வரி போடாத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பரமேஸ்வரியின் மகள் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க," என்றாள். ஈப்போ மருத்துவமனையில் மூன்று வாரம் மூச்சுக்குப் போராடியவர். மறுநாள் தொழிற்சாலைப் பலகையில் 'உடல்நலக் குறைவால் காலமானார்' என்று ஒட்டியிருந்தார்கள். அது பொய். அவரோடு வேலை பார்த்த நம் எல்லாருக்கும் தெரியும்.

சிம்பாங் பூலாய் ஊருக்கு அப்பால், ரப்பர் மரங்களை வெட்டிய நிலத்தில் இருக்கிறது நம் தொழிற்சாலை. மின்சாரக் கார்களின் பழைய லித்தியம் பேட்டரிகளில் மிச்சமுள்ள மின்சாரத்தை வடித்து, பிரித்து, அரைத்துக் கருந்தூளாக்குவோம். அதிலிருந்துதான் நிக்கலும் லித்தியமும் எடுக்கிறார்கள். முழுவதும் வடிந்துவிட்டதா என்று அளந்து, இனிப் பிரிக்கலாம் என்று கையெழுத்திடுவது பரமேஸ்வரியின் வேலை, என்னுடையதும்.

வடித்த உடனே மீட்டர் காட்டுவதை அவர் நம்பமாட்டார். "இப்ப இறங்கியிருக்கும். நாளைக்குப் பாரு, மறுபடி ஏறும்லா," என்பார். ஒரு நாள் விட்டு மறுபடி அளந்த பிறகே பேனாவை எடுப்பார். பலமுறை ஏறித்தான் இருந்தது.

பேட்டரி ஏற்றிவரும் லாரிகள் அதிகமாயின. இனிக் காத்திருக்க வேண்டாம், ஒருமுறை அளந்தால் போதும் என்றார் மேலாளர். பரமேஸ்வரி மறுத்தார். நீ என்ன இன்ஜினியரா என்று எல்லார் முன்னாலும் கேட்டார் அந்த மனிதர்.

"இல்ல சார். ஆனா பிரிக்கிற மேசையில நிக்கிறது எங்க ஆளுங்கதான்."

அன்றே பரமேஸ்வரியைப் பேட்டரி பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அவர் போடாத கையெழுத்தை நான் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம்.

விபத்தில் நசுங்கிய காரின் பேட்டரி ஒன்று வந்தது. ஒருமுறை அளந்தேன், கையெழுத்திட்டேன். மறுநாள் மேசையில் அது புகைந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரை வெளியே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தார் பரமேஸ்வரி. நமக்குத் தந்திருந்தது தூசி முகமூடி. அந்தப் புகையிலிருந்த நச்சு வாயுவை அது எங்கே தடுக்கும்?

மருத்துவமனையில் அவரிடம் என் தவற்றைச் சொல்லி அழுதேன். பிராணவாயுக் குழாயை விலக்கிவிட்டு, திணறித் திணறிப் பேசினார்.

"தெரியும். அழுவாத. காத்திருக்க வேணாம்னு யாரு சொன்னது? அதப் போய்ச் சொல்லு."

துக்க வீட்டுக்கு மேலாளர் மலர்வளையத்தோடு வந்தார். மகள் அதை வாங்கவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: மேலாளர் இட்ட உத்தரவையும், என் கையெழுத்தையும். என் வேலை போகலாம். போகட்டும். பரமேஸ்வரி எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபம் ஒன்றுதான். சாகும்வரை என்னிடம் இருக்கும்.

அந்த உத்தரவைக் காதால் கேட்டவர்கள் நம்மில் இன்னும் ஏழு பேர் இருக்கிறீர்கள். தொழிலாளர் அலுவலகம் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது.