பெயர் போட்ட புகார்

அந்த இந்திப் படம் வெளியானதிலிருந்து வத்சலாவுக்குத் தலைவலிதான். கதாநாயகன் ஒரு குமாஸ்தா. ஊழல் மந்திரியை அவர் அறையிலேயே மேஜையோடு தூக்கி வீசுகிறான், துப்பாக்கிக்காரர்கள் பன்னிரண்டு பேரை ஒற்றை ஆளாக அடித்துப் போடுகிறான். கடைசியில் நம்மைப் பார்த்து, புகார் எழுதுகிறவன் தன் பெயரைப் போடப் பயப்படக் கூடாது என்று ஒரு பிரசங்கம் வேறு. டில்லி கரோல் பாக் தியேட்டரில் அந்த இடத்தில் விசில் பறந்ததாம். வத்சலாவின் கணவர் சந்திரமௌலி இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கதை சொன்னார். ரிட்டயரான மனுஷர், பொழுது போக வேண்டாமா?

விசிலடித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் புகார் எழுதினார்கள். எல்லாம் வந்து விழுந்தது வத்சலாவின் மேஜையில். ஓர் அமைச்சகத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருஷமாக இதுதான் வேலை. ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். மொட்டைக் கடிதமென்றால் 'நடவடிக்கை தேவையில்லை' என்று மூடிவிடலாம். பெயர் போட்டிருந்தால், விளக்கம் கேட்டு அந்தந்த அலுவலகத்துக்கே அனுப்ப வேண்டும். அதாவது, யார் மேல் புகாரோ அவர் கைக்கே, எழுதியவனின் பெயர், விலாசம், போன் நம்பர் சகிதம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகராசன் நன்றாக இருக்கட்டும்! படத்தில் இதையெல்லாம் காட்டவில்லை. அத்தனை அடிதடிக்கு நடுவே தபால் பிரிவுக்கு எங்கே இடம்?

முத்து என்பவனின் கடிதம் தமிழில் இருந்ததால் மொழிபெயர்க்கும் வேலையும் அவளுக்கே வந்தது. அவன் டில்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த வார்டு ஊழியன். மருந்துப் பெட்டிகளை ஸ்டோர் கண்காணிப்பாளரே பின்வாசல் வழியாக ஏற்றி அனுப்புகிறார் என்று, தேதியும் வண்டி எண்ணும் போட்டு எழுதியிருந்தான்.

இத்தனை வருஷத்தில் செய்யாத காரியமாக, வத்சலா அவனுக்குப் போன் செய்தாள். தான் யாரென்று சொல்லிவிட்டு, கடிதத்தில் அவன் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். எடுத்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். மூடிவிடுவார்கள் என்றாள்.

"அப்ப இருக்கட்டும்மா. அந்தப் படத்துல அவன் ஒத்தையா நிக்கலையா?"

கடிதம் யார் கைக்குப் போகும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அலுவலக விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயம்தான், வேறென்ன. இந்தியில் மொழிபெயர்த்து அனுப்பிவைத்தாள்.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. புகாரில் உண்மையில்லை, புகார்தாரர் தற்போது பணியில் இல்லை. கையெழுத்து, அதே கண்காணிப்பாளருடையது. அதன் கீழே 'முடிக்கப்பட்டது' என்று எழுதி அவள் ஃபைலைக் கட்ட வேண்டும். பிரிவு அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஐந்து மாதம்தானே மேடம், எதற்கு வம்பு என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவளும் ஒரு காலத்தில் பலருக்கு அதையே சொன்னவள். அலுத்துப்போய்த் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

மத்தியானம் முத்துவே கூப்பிட்டான். வேலை போய்விட்டதாம். தன் பெயர் எப்படி வெளியே தெரிந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. கோபம்கூட இல்லை அவனுக்கு, அதுதான் அவளைக் கொன்றது. இதற்கு எங்கே புகார் செய்வது என்று கேட்டான்.

எங்கே செய்வது! இவளுக்குத்தான் எழுத வேண்டும். இவளும் அந்தக் கண்காணிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும். இவளுக்கு மேலே போக ஒரே ஒரு வழி உண்டு. குறைதீர்ப்புப் பிரிவு ஆள் மேலேயே புகார் வந்தால் பிரிவு அதைத் தொடக் கூடாது. பழைய காகிதங்கள் அத்தனையோடும் நேரே இணைச் செயலாளரிடம் போகும். வண்டி எண்களும் போகும். ஆனால் அந்தப் பிரிவு ஆளின் மேல் விசாரணை வரும். ஐந்து மாதத்தில் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. சந்திரமௌலியிடம் என்ன சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

"பேப்பர், பேனா எடுத்துக்கோங்கோ முத்து. நான் சொல்றதை எழுதுங்கோ."

இணைச் செயலாளர் விலாசத்தைச் சொன்னாள், எழுதிக்கொண்டான். புகார் யார் மேல் என்று கேட்டான்.

"வத்சலா சந்திரமௌலி, குறைதீர்ப்புப் பிரிவு. எங்கே போகும்னு தெரிஞ்சே என் புகாரை என் பேரோட அனுப்பினாங்கன்னு எழுதுங்கோ."

அவன் எழுதவில்லை.

"நீங்களாம்மா?" என்றான்.

"நான்தான். எழுதுங்கோ."