டாக்டர் தக் ஒட்டிய தாள்

தென்கொரியாவில் எங்கள் மோக்போ ஊர் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கடவுளுக்கு அடுத்தபடி டாக்டர் தக் சங்வொன்தான். கடவுளே வந்தாலும் ஆதாரம் கேட்பார். நர்ஸாக அவரோடு பல வருடம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன். "இப்படித்தான் போன வருஷம் ஒரு கேஸ் வந்துச்சு டாக்டர்" என்று வாயைத் திறந்தால் போதும், "ஒரு கேஸ வச்சுப் பேசாதீங்க நர்ஸ் பியோ. ஆராய்ச்சி என்ன சொல்லுது?" என்பார். அது சொல்வதையெல்லாம் தாளில் எழுதி, நாங்கள் காபி கலக்கும் இடத்துச் சுவரில் ஒட்டுவார். நிம்மதியாக ஒரு வாய் காபி குடிக்க முடியாது.

அதில் ஒன்று, தலையில் அடிபட்ட குழந்தைகளைப் பற்றியது. நாற்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக் கண்டுபிடித்ததாம். நினைவு தப்பவில்லை, விழுந்த உயரமும் அதிகமில்லை, ஒரு தடவை வாந்தி மட்டும்தான் என்றால், ஸ்கேன் கதிரை அந்தப் பிஞ்சுத் தலையில் பாய்ச்ச வேண்டாம். சில மணி நேரம் வைத்துக் கவனித்தாலே போதும். அம்மாக்கள் கத்துவார்கள்: "உங்களுக்குப் புள்ள இருக்கா டாக்டர்?" அவர் அந்தத் தாள் ஒட்டிய சுவரைக் காட்டுவார்.

ஒரு ஞாயிறு மதியம் டாக்டர் தக்கே தன் ஐந்து வயது மகள் ஆரினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பில்லை. சோபாவிலிருந்து குதித்தவள் மேசையில் தலையை இடித்துக்கொண்டு, ஒருமுறை வாந்தி எடுத்திருந்தாள்.

"ஸ்கேன் எடுங்க. உடனே."

டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் மேங் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், பாப்பா நல்லாப் பேசுறா. உங்க தாள்ல..."

"அத எழுதுனவனுக்குப் புள்ள இருக்கா?"

"நீங்கதான் டாக்டர் எழுதுனீங்க," என்றேன். எத்தனை நாள் ஆசை எனக்கு. ஆனால் அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

தாள் சொன்னபடி சாயங்காலம்வரை பாப்பாவை வைத்துக் கவனித்தோம்; ஒரே கூத்து. அவள் கண் சொருகினால் போதும், "ஆரின், அப்பா பேரென்ன?" என்று உலுக்குவார். கடைசியில் அவள், "உங்க பேரு உங்களுக்கே மறந்துபோச்சாப்பா?" என்றாள். பிறகு கிம்பாப் சோற்றுச் சுருள் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, ஸ்கேன் இல்லாமலே குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர் கழிவறையில் போய் அழுதது எங்களுக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் இன்னொரு அம்மா, அதே கத்தல். "உங்களுக்குப் புள்ள இருக்கா டாக்டர்?"

அவர் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருக்காம்மா, ஒரு பொண்ணு. நேத்து அவளுக்கும் இதேதான். நானும் இங்கயே நின்னு கத்துனேன். ஸ்கேன் எடுக்கல. காலையில தட்டு நெறையச் சாப்டா."

நாற்பதாயிரம் பிள்ளைகளை நம்பாதவள், அந்த ஒரு பிள்ளையை நம்பி உட்கார்ந்தாள்.

"ஒரு கேஸ வச்சுப் பேசக்கூடாது டாக்டர்," என்றேன், காபி கலக்கும்போது.

"பேசாம காபியக் குடுங்க," என்றார்.