பத்துப் போட்ட கைக்குப் பைபர்

எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு, எங்கள் பேச்சில் பத்து, போடும் அறையில் வேலை செய்தால் வெள்ளைச் சட்டை வாங்கத் தேவையில்லை. எந்தச் சட்டையும் மத்தியானத்துக்குள் வெள்ளையாகிவிடும். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் டொக்டருக்கு உதவியாக நிற்கிறேன். வீட்டில் மூன்று வயது மகனிடமும் இங்கே பெரிய ஆட்களிடமும் "அசையாதேங்கோ" என்று கெஞ்சும் என் பாடு, பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு விளங்கும்.

மூன்று இழை

மாரியில் படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து, வலக்கை மணிக்கட்டு முறிந்து வந்தார் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த மீனவர் சிவராசா அண்ணை. கை கோணலாகப் பொருந்தினால் படகு எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுக்க ஏலாது. சொந்தப் படகை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கரையில் குந்தியிருக்க வேண்டியதுதான். அந்தப் பயம் அவருக்கு.

டொக்டர் பத்துப் போட்டபடி ஆறுதலாகச் சொன்னார்: "எலும்பெண்டா வெறும் கல்சியம் இல்லை அண்ணை. உள்ளுக்குக் கொலாஜன் எண்டு ஒரு நார் இருக்கு, மூண்டு இழையை முறுக்கின கயிறு மாதிரி. முறிஞ்ச இடத்தில உடம்பு முதல்ல நாரைப் பின்னும். பிறகுதான் அதில கல்சியம் படியும். ஆறு கிழமைக்கு, நாப்பது நாளுக்கு மேல, கையை ஆட்டக்கூடாது."

அண்ணை யோசித்தார். "கயிறெண்டா இப்பவே ஒரு முடிச்சைப் போட்டு விடுங்கோவன், டொக்டர்!"

அக்காவின் பவுடர்

அடுத்த முறை அண்ணையோடு அவர் மனைவி புஷ்பம் அக்காவும் கோபத்தோடு வந்தார். முகம் பளபளக்கவென்று கிண்ணியாக் கடையொன்றில் ஆசையாக வாங்கி வைத்திருந்த கொலாஜன் பவுடரை, பெயரைப் பார்த்ததும் அண்ணை தேத்தண்ணியில் கரைத்துக் குடித்தே முடித்துவிட்டார்.

டொக்டர் சிரிப்பை அடக்கினார். "வயித்துக்குள்ள போனா அதுவும் மீன், முட்டை மாதிரிச் செரிச்சுப் போயிடும். நேரே முறிவுக்குப் போகுமெண்டு சொல்லேலாது."

"பாத்தாலே தெரியுதே," என்றார் அக்கா. "கை இன்னும் பத்துக்குள்ள. மூஞ்சி மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்குது!"

நீலக் கை

பிறகொரு மழைநாளில் அண்ணை வந்தார். பத்து நீல நிறத்தில் இருந்தது. தட்டினேன், பலகை மாதிரிச் சத்தம் கேட்டது. பழைய பத்து மழையில் ஊறி இளகிவிட்டதாம். கரையில் படகுக்குப் பைபர் ஒட்டிக்கொண்டிருந்த மச்சானிடம் கையை நீட்டியிருக்கிறார். அவரும் பைபர் என்கிற கண்ணாடியிழைத் துணியைச் சுற்றி, காய்ந்தால் இறுகும் ரெசின் பசையைப் பூசி, மிஞ்சிய படகுப் பெயின்ரையும் அடித்து அனுப்பியிருக்கிறார்.

வெட்டும் மெசின் அதில் வழுக்கியது. உள்ளே பழைய பத்து களியாகிக் கிடந்தது. எலும்பு விலகியிருந்தால் எல்லாம் திரும்ப முதலிலிருந்துதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். நல்லகாலம், விலகவில்லை.

டொக்டர் வெட்டிய துண்டைக் காட்டினார். "துணி தனிய எண்டா மடங்கும். ரெசின் தனிய எண்டா வெடிச்சு நொறுங்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் அலையைத் தாங்கும். எலும்பிலயும் அப்பிடித்தான்: கொலாஜன் துணி, கல்சியம் ரெசின். ரெசின் காயமுந்திப் படகை இறக்குவியளோ?"

"இறக்கிறவன் விசரன், டொக்டர்," என்று அண்ணை தலையைக் குனிந்தார். "புதுப் பத்தைப் போடுங்கோ."

கடல் அடங்கியபின்

கடைசியாகப் பத்தை வெட்டியபோது மணிக்கட்டு நேராக இருந்தது. விரல்களை மடக்கச் சொன்னேன், மடக்கினார். அக்கா கண்ணைத் துடைத்தார். ஆனால் இன்னும் கொஞ்சக் காலம் எஞ்சினை மச்சான்தான் இழுக்க வேண்டும் என்றார் டொக்டர். அண்ணை கோபத்தில் பாயப்போகிறார் என்று பயந்து நான் என் கதிரையைப் பின்னால் இழுத்தேன்.

"இழுக்கட்டும்," என்றார் அண்ணை. "பக்கத்தில இருந்து ஏசுறதுக்கு எனக்கு வாய் முறியேல்லத்தானே!"

எலும்பு தன்பாட்டில் ஒட்டிவிடும். அதுவரை அதன் சொந்தக்காரரிடமிருந்து அதைக் காப்பாற்றத்தான் எங்களுக்குச் சம்பளம்.