முலாம் போன ஜாடி

பழம்பொருள் கடையில் வேலை பார்த்து நொந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தூசிக்குக்கூட மரியாதை உண்டு. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், எங்கள் வாயில் தவுக்கேயின், கடையில் நான் விற்பனையாளன். கூட்டித் துடைக்க அஞ்சலை அக்கா. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலை போய், டவுனுக்கு வந்தவர்.

சப்பாத்து போட்ட ஜாடி

கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குக் கிளம்பியபோது தவுக்கே அவருடைய நீல ஜாடியை வாங்கி வந்தார். சீனாவில் சுட்ட பீங்கான். எந்தக் காலத்திலோ பிரான்சுக்குப் போய், பொன்முலாம் பூசிய வெண்கலக் கைப்பிடியும் விளிம்பும் பாதமும் பூட்டிக்கொண்டது. அந்த மங்கிய முலாமுக்குத்தான் மதிப்பே என்று தவுக்கே என்னிடம் சொன்னார். அக்காவிடம் சொல்லவில்லை. துடைக்கிறவருக்கு எதற்கு அதெல்லாம்?

முதலில் வந்த சீனப் பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார். மலாயில் கேட்டார்: "எங்க ஆளுங்க ஜாடி நல்லாத்தான் இருக்கு. இதுக்கு யாரு காலுல சப்பாத்து போட்டது?"

இரண்டு பேரில் ஒருவர்

மாதக்கணக்கில் ஜாடி நகரவில்லை. வியாபாரமும் படுத்துவிட்டது. தீபாவளிக்குள் ஜாடி போகாவிட்டால் ஒரு ஆளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார் தவுக்கே. யாரை என்று சொல்லவில்லை. ஆனால் அக்காவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. அக்கா ஜாடியை முறைத்தார். "இவ்ளோ அழுக்கா வச்சிருந்தா எவன் தம்பி வாங்குவான்?"

வெள்ளிக்கிழமை வேலை

பினாங்கிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா சனிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை, நான் போன பிறகு, வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கும் அதே பக்தியோடு அக்கா ஜாடியைப் பிடித்துக்கொண்டார். புளி, சாம்பல், தேங்காய் நார். காலையில் வந்து பார்த்தேன். முலாம் சாக்கடையோடு போய்விட்டிருந்தது. வெண்கலம் பளபளவென்று சிரித்தது.

அந்த அம்மா கைப்பிடியைத் தொட்டார். துக்க வீட்டுக்கு வந்தவர்போல் குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே, யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா பெருமையாக முன்னால் வந்தார். "நான்தாம்மா! கைவலி இன்னும் போகல."

எடுப்பான பொருள்

அந்த அம்மா வாங்காமல் போனதும் தவுக்கே நாற்காலியில் சரிந்தார். தேய்த்துப் போனது அழுக்கல்ல, விலையே அதற்குத்தான் என்று அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். அக்கா தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைத்தார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஜெலாப்பாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காசிம் பாய் உள்ளே வந்தார். கல்லா மேசைக்கு எடுப்பாக ஒரு பொருள் வேண்டுமாம். ஜாடியின் மினுமினுப்பு அவரை நேராக இழுத்துக்கொண்டது. மறைக்க மனம் வராமல், முலாம் போய்விட்டது பாய் என்றேன். "போனா போவுது தம்பி. போன மாசம் பழைய சாமான் மாதிரி இருந்துச்சு, இப்பத்தான் பாக்குற மாதிரி இருக்கு. கட்டிக் குடுங்க."

பாய் போனதும் தவுக்கே எழுந்தார். கடையிலிருந்த பித்தளை, வெண்கலம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அக்காவின் பையிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை அவரே வெளியே எடுத்து வைத்தார். "அஞ்சலை, மக்கான் முடிச்சிட்டு அந்த பித்தளை விளக்கு தேய்லா. புளி நான் வாங்கி வாரேன்."

பழமையை மதிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் எங்கள் கடைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டவர் அது தெரியாத காசிம் பாய்தான்.